ராஜாவின் கையெழுத்து, பிரதமரின் தலைக்கணக்கு

மைக் பார்ட்லெட் எழுதிய ‘மூன்றாம் சார்ல்ஸ் மன்னர்’ நாடகத்தை முதல்முறை வாசித்தபோது நான் முழுக்க ராஜா கட்சி. போன மாதம் திரும்ப எடுத்தேன். பாதியிலேயே பிரதமர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஏன் இப்படி ஆச்சுன்னு யோசித்ததன் குறிப்புதான் இது.

நாடகம் 2014இல் லண்டன் அல்மைடா அரங்கில் வந்தது. எலிசபெத் அப்போது உயிரோடு இருந்தார். அவர் இறந்துவிட்டதாகவும் சார்ல்ஸ் பட்டத்துக்கு வந்ததாகவும் கற்பனை செய்து, ஷேக்ஸ்பியர் பாணி எதுகையில்லாச் செய்யுளில் எழுதியிருக்கிறார். பிரதமர் இவான்ஸ் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் மசோதாவோடு அரண்மனைக்கு வருகிறார். இரண்டு அவைகளும் நிறைவேற்றியாச்சு, ராஜா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சார்ல்ஸ் போட மாட்டேன் என்கிறார். பத்திரிகைகளால் வாழ்க்கை முழுக்க அடிபட்ட மனிதர் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நிற்கிறார். யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது.

இப்போ பிரதமரைப் பாருங்க. அவர் கொண்டுவந்திருப்பது மோசமான சட்டம்னு நமக்குத் தெரிகிறது. ஆனால் ‘கையெழுத்துப் போடுங்க’ என்று கேட்பதில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. 1867இல் வால்டர் பேஜட் அரசருக்கு மூன்று உரிமைகளைச் சொன்னார்: ஆலோசனை கேட்கப்படுவது, ஊக்கம் கொடுப்பது, எச்சரிப்பது. மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு மசோதாவுக்கு அரச ஒப்புதல் கடைசியாக மறுக்கப்பட்டது 1708இல், ஆன் ராணி காலத்தில். அதுவும் ஸ்காட்லாந்துப் படைமசோதாவுக்கு, அமைச்சர்களே வேண்டாம் என்று சொன்னதால். சட்டம் கெட்டது, சட்டத்தைக் கொண்டுவந்த வழி சரியானது. இந்த முடிச்சு ராஜாவின் கழுத்தில் இருப்பதை விட இவான்ஸ் கழுத்தில்தான் இறுக்கமாக இருக்கிறது. நாடகம் அதைக் கையிலெடுத்துப் பார்க்காமல் ராஜாவின் மனசாட்சி பின்னாலேயே போய்விடுகிறது.

இத்தனைக்கும் பிரிட்டிஷ் பிரதமர் பதவி எந்த நாடக ஆசிரியருக்கும் தீனி போடக்கூடிய விசித்திரமான பதவி. அதைச் சட்டம் போட்டு யாரும் உண்டாக்கவில்லை. 1721இல் வால்போல் கையில் அதுவாகத் திரண்டது. ‘பிரதமர்’ என்ற சொல் பாராளுமன்றச் சட்டமொன்றில் வந்ததே 1917இல்தான், அதுவும் செக்கர்ஸ் என்ற கிராமத்து மாளிகையைப் பிரதமருக்கு ஒதுக்கும் சட்டத்தில்! அவருக்கு முடி இல்லை, ரத்த உரிமை இல்லை. காமன்ஸ் சபையில் எத்தனை தலை நம் பக்கம் என்ற எண்ணிக்கை ஒன்றுதான் கையில் இருப்பது. நாளைக்கு எண்ணிக்கை குறைந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பரம்பரையாக வந்தவர் முன்னால் அப்படிப்பட்ட ஒரு ஆள் உட்கார்ந்து ‘எனக்கு எண்ணிக்கை இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்!

பார்ட்லெட் சறுக்கிய ஒரு இடமும் உண்டு. மோதல் முற்றியதும் சார்ல்ஸ் காமன்ஸ் சபைக்குள் நுழைந்து பாராளுமன்றத்தைக் கலைக்கிறார். 1642இல் முதலாம் சார்ல்ஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க உள்ளே புகுந்ததும், 1649இல் தலை போனதும் தெரிந்தவர்களுக்குச் சிலிர்க்கும். ஆனால் 2011இல் வந்த நிலையான பதவிக்காலச் சட்டம் கலைக்கும் உரிமையை அரசரிடமிருந்து எடுத்துவிட்டது. நாடகம் மேடையேறிய அன்று சட்டம் அதுதான். இவான்ஸ் ‘ஐயா, உங்களால் கலைக்க முடியாது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். வேடிக்கை என்னன்னா, 2022 மார்ச்சில் அந்தச் சட்டத்தை ரத்து செய்து பழைய உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். செப்டம்பரில் நிஜ சார்ல்ஸ் பட்டத்துக்கு வந்தார். ஆசிரியரின் பிழையை நாடு வந்து சரிபண்ணிவிட்டது!

இதோடு ‘டு ப்ளே த கிங்’ தொடரையும் (1993) வைத்துப் பார்க்கலாம். மைக்கேல் டாப்ஸ் நாவல். அதில் பிரதமர் அர்கார்ட், ஏழைகளுக்காகப் பேசும் ராஜாவைத் தேர்தலில் ஜெயித்த கையோடு முடி துறக்க வைக்கிறார். அர்கார்ட் கொலைகாரர், ஆனாலும் கேமராவைப் பார்த்து நம்மிடம் நேராகப் பேசுவார். இயன் ரிச்சர்ட்சன் நடிப்பில் ஒரு புருவத் தூக்கல் போதும், நாமும் கூட்டாளி ஆகிவிடுவோம். இரண்டு கதையிலும் மனசாட்சி ராஜாவிடம், அதிகாரம் பிரதமரிடம். ஓட்டு வாங்கி வந்தவர் கதையில் வில்லன், ஓட்டே வாங்காதவர் நல்லவர். எழுதுபவர்கள் குடியாட்சிக்காரர்கள் என்று நினைக்கும்போது இது எனக்கு உறுத்துகிறது.

நம்ம ஊர்க்காரர் யார் இதைப் படித்தாலும் ஒரு கண் கிண்டிப் பக்கம் போகாமல் இருக்காது. அரசியலமைப்பின் 200ஆவது பிரிவில் ஆளுநருக்குள்ள ஒப்புதல் அதிகாரத்தின் வேர் அந்த ஊர்ப் பழக்கம்தான். மசோதா பிடிக்கும்போது ஒரு நியாயம், பிடிக்காதபோது வேறு நியாயம் பேசுகிறோமா என்று முதல் வாசிப்பில் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நாடகத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டீவன்ஸுக்கும் இந்த மசோதா பிடிக்கவில்லை. அவர் என்ன செய்கிறார்? அரண்மனைக்கு வந்து ராஜா காதில் போடுகிறார். சபையில் தோற்ற சண்டையை ராஜாவை வைத்து ஜெயிக்கப் பார்க்கிறார். இவான்ஸுக்கு நிஜமான எதிரி இவர்தான். இந்த இரண்டு பேரையும் ஒரு அறையில் தனியாக உட்காரவைத்து நீளமாகப் பேசவிட்டிருந்தால் நான் ராஜாவை மறந்தே போயிருப்பேன். கடைசியில் சார்ல்ஸைப் பிள்ளைகளே முடி துறக்க வைக்கிறார்கள், வில்லியம் பட்டத்துக்கு வருகிறார். அவர் மசோதாவில் கையெழுத்துப் போடப்போகிறார். எந்தச் சட்டத்துக்காக இத்தனை ரகளையோ, அது நல்லதா கெட்டதா என்று அந்த நேரம் மேடையில் யாருக்கும் கவலை இல்லை.