களவா மீனும் இறைச்சிப் பையும்

கடலுக்கடியில் நடப்பதைத் தரையில் இருப்போருக்கு வண்ணத்தில் காட்டிய தொடக்க காலப் படங்களில் தலையாயது ‘மௌன உலகம்’ என்னும் பிரெஞ்சுப் படம். 1956-இல் வெளிவந்தது. இயக்கியவர்கள் இருவர். ஒருவர், கடற்படை அதிகாரியாக இருந்து கடலாய்வில் இறங்கிய ழாக் கூஸ்தோ. மற்றவர், அப்போது 23 வயதே ஆகியிருந்த லூயி மால். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதையும், மறு ஆண்டு ஆஸ்கர் விருதையும் இப்படம் பெற்றது. இன்று கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழலும் மாட்டிக்கொண்டு, சிறு தீவுகளின் கரையோரம் மீன்களோடு நீந்தப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆசைக்கு விதை போட்ட படங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே, இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை எடை போட்டுப் பார்ப்பது வீண் வேலையன்று.

படத்தின் அழகை முதலில் சொல்லிவிட வேண்டும். மூழ்காளர்கள் எரியும் தீவட்டிகளை ஏந்தி நீலத்துக்குள் இறங்கும் தொடக்கக் காட்சியை ஒருமுறை பார்த்தால் மறக்க இயலாது. சூரிய ஒளியின் சிவப்புக் கதிர்களைக் கடல்நீர் சில மீட்டர் ஆழத்திலேயே விழுங்கிவிடும். அதனால் ஆழத்தில் எல்லாம் நீலமாகவும் சாம்பலாகவும் தெரியும். கூஸ்தோவின் குழு மின்விளக்குகளைக் கீழே கொண்டு சென்றது. விளக்கு விழுந்த இடத்தில் பவளப் பாறைச் சுவர் திடீரெனச் செக்கச் செவேலென்று விழித்துக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் இப்படிப் புரிய வைக்க முடியுமா என்பது ஐயமே.

ஆனால் படத்தின் பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. கடல் மௌனமானதன்று. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். கடல்நீரிலோ சுமார் 1,500 மீட்டர். பவளப் பாறை அருகே முகத்தை நீருக்குள் வைத்த எவரும், எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசையைக் கேட்டிருப்பார்கள். கொடுக்கைச் சொடுக்கி இரையை அதிர வைக்கும் சிறு இறால்களின் வேலை அது. கிளிமீன் பவளத்தைக் கடித்து நொறுக்கும் சத்தமும் கேட்கும். களவா மீன்களே அடித்தொண்டையில் உறுமுவது போல ஒலி எழுப்புகின்றன. கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் 1943-இல் உருவாக்கிய காற்று உருளைக் கருவியை மாட்டிக்கொண்டால் குமிழிகளின் இரைச்சலே காதை அடைக்கும். மூச்சுக் குழலோடு மேலே மிதக்கும் சாதாரணப் பயணிக்கு அந்தத் தொல்லை குறைவு. கேட்கும் விஷயத்தில் அவன் கொடுத்து வைத்தவன்!

இனி, பலரும் இப்படத்தைக் கண்டித்த காட்சிகளுக்கு வருவோம். ஒரு பவளத் திட்டில் எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க, குழுவினர் அங்கே வெடி வைக்கிறார்கள். செத்த மீன்களை அள்ளி வரிசைப்படுத்துகிறார்கள். பேத்தை மீன் ஒன்று உப்பிப்போய்ச் சாகிறது. பிறகு ஒரு திமிங்கிலக் குட்டி கப்பலின் சுழல்விசிறியில் சிக்கிக் கிழிபடுகிறது. இரத்த வாடைக்கு வந்த சுறாக்களை மாலுமிகள் இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டுகிறார்கள். காயப்படுத்தியது கப்பல், தண்டனை சுறாவுக்கு! 2015-இல் பிரெஞ்சு இயக்குநர் ழெரார் மொர்தியா இக்காட்சிகளை மிகக் கடுமையாகச் சாடினார். அவர் சாடியது நியாயமே. கூஸ்தோவும் அதே மனிதராக இருந்துவிடவில்லை. 1960-இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்தார். 1973-இல் கடலைக் காக்கத் தம் பெயரில் ஒரு சங்கமே தொடங்கினார்.

என் குறை வேறு இடத்தில். வெடிக் காட்சியைக் கண்டு இன்று எவரும் வெடி வைக்கப் போவதில்லை. நாம் சிரித்து மகிழும் காட்சி ஒன்று இருக்கிறதே, அதுதான் உலகெங்கும் இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது.

இந்துமாக் கடலில், செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அஸம்ப்ஷன் என்ற குட்டித் தீவு. பரப்பு 12 சதுர கிலோமீட்டர்தான். அங்கே ஒரு பெரிய களவா மீன் மூழ்காளர்களோடு பழகுகிறது. ஜோஜோ என்று பெயர் வைத்து, பையிலிருந்து இறைச்சித் துண்டுகளைக் கையால் ஊட்டுகிறார்கள். மற்ற மீன்களுக்குத் தீனி போடவிடாமல் அது முண்டியடிக்கிறது. உடனே சுறாவிடமிருந்து மனிதரைக் காக்கக் கொண்டுபோன கூண்டில் அதைத் தள்ளி அடைக்கிறார்கள்! பின்னர் விடுதலை, வால்ட்ஸ் இசைக்கு மூழ்காளரோடு ‘நடனம்’. அரங்கம் கைதட்டியிருக்கும். நீங்களும் தட்டுவீர்கள்.

அந்த நடனத்தின் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் கரீபியக் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவுக்குப் போக வேண்டும். அங்கே மீனவர்கள் அமைதியான கழியில் படகை நிறுத்தி மீனைச் சுத்தம் செய்து, கழிவை நீரில் எறிந்து வந்தார்கள். திருக்கைகள் வந்து கூடின. 1980-களில் நீச்சல் பயணிகள் கணவாய்த் துண்டுகளை ஊட்டத் தொடங்கினர். இன்று அது ‘திருக்கை நகரம்’ என்று பெயர் பெற்ற சுற்றுலா இடம். இடுப்பளவு நீரில் திருக்கைகள் ஆள்மேல் ஏறித் தவழுகின்றன. பார்ப்பவர்கள் இதையும் நட்பு என்கிறார்கள்.

ஆய்வாளர்கள் அங்கே கண்டது வேறு. இந்தத் திருக்கை இயல்பில் இரவில் இரை தேடும், தனியே திரியும். தீனிக்குப் பழகியவை பகலில் விழித்து இரவில் ஓய்ந்துவிட்டன. பரந்த மணல்வெளியில் சுற்றுவதை விட்டு ஒரே இடத்தை வட்டமிட்டன. ஒலி அனுப்பும் கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்து, 2013-இல் இதை வெளியிட்டார்கள். வேறு ஆய்வுகளில், அவற்றின் உடலில் படகு மோதிய காயங்களும், நெரிசலில் ஒன்றையொன்று கடித்த வடுக்களும், புற ஒட்டுண்ணிகளும் மிகுதியாக இருந்தன. இரத்தச் சோதனையிலும் நலக்குறைவின் அறிகுறிகள் தெரிந்தன. கணவாய் அவற்றின் இயல்பான உணவுமன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செத்த திருக்கை ஒருமுறைதான் விலைபோகும். உயிருள்ள திருக்கை தீவின் படகோட்டிக்கு ஆண்டு முழுதும் சோறு போடும். அதனாலேயே அதைக் கொல்லாமல் காக்கிறார்கள். பிழைப்பை நம்பியிருப்பவரிடம், தொலைவில் இருக்கும் நாம் ‘நிறுத்து’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எவ்வளவு தீனி, எத்தனை படகு, எத்தனை பேர் என்று கேட்கலாம். கையை நீட்டாமல் மிதந்து பார்ப்பவருக்கும் காண ஏராளம் உண்டு.

இதே படத்தில் மூழ்காளர் ஒருவர் கடலாமையின் ஓட்டைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்கிறார். ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். முதுகில் ஆளைச் சுமந்து விரைவாக நீந்தினால் காற்று சீக்கிரம் தீரும். படம் இதைச் சொல்லவில்லை, விளையாட்டாகவே காட்டுகிறது.

மீண்டும் ஜோஜோவிடம் வருவோம். கூஸ்தோவின் குழு தன்னை அறிவியல் குழு என்றே சொல்லிக்கொண்டது. மீன் மனிதனை விரும்பி வந்ததா, இறைச்சியை விரும்பி வந்ததா என்று அறிய வழி மிக எளிது. ஒருநாள் பையைக் கப்பலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கிப் படம் பிடித்திருக்க வேண்டும். 86 நிமிடப் படத்தில் அந்தக் காட்சி மட்டும் இல்லை.