தமிழ்த் துப்பறியும் கதை: போக்குகளும் அளவுகோலும்

தமிழில் துப்பறியும் கதை பண்டித நடேச சாஸ்திரி 1894இல் எழுதிய 'தானவன்' கதைகளிலிருந்து தொடங்குகிறது. அடுத்து வந்தவர்கள் ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். ஆங்கில நாவல்களின் சாயல் இவர்களிடம் தூக்கலாகவே தெரியும். முதலியார் பெரும்பாலும் தழுவியே எழுதினார். ஆனால் குற்றம் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' மடத்துத் தலைவரின் ஒழுக்கக்கேட்டைத் தோலுரித்தது. வடுவூராரின் 'மேனகா' (1923) புகுந்த வீட்டுக் கொடுமையிலிருந்து கிளம்பியது.

தேவனின் துப்பறியும் சாம்பு வேறு ரகம். வங்கிக் குமாஸ்தாவின் அசட்டு அதிர்ஷ்டத்தால் வழக்குகள் முடியும். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரும் கையுமாகத் துப்புத் துலக்கினார். சாகசம் கூடியது, சமூகம் பின்னுக்குப் போனது.

1968இல் 'நைலான் கயிறு' வழியாக வழக்கறிஞர் கணேஷை அறிமுகப்படுத்திய சுஜாதா, நடையையே மாற்றினார். 'கொலையுதிர் காலம்' இதற்கு நல்ல சான்று: கணேஷ் அறிவியலின் பக்கம், அவரது ஜூனியர் வசந்த் பேயின் பக்கம், வாசகர் நடுவில் தவிக்கிறார். எண்பதுகளில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. வேகமே அவற்றின் பலம், அவசரமே பலவீனமும்.

இவற்றை எடைபோட ஸ்வீடன் ஒரு படிக்கல் தருகிறது. மை ஷோவால், பேர் வாலூ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களில் விசாரணை மாதக்கணக்கில் இழுபடும். முதல் நாவலான 'ரோசன்னா'வில் கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே நீண்ட காலம் பிடிக்கிறது. ஹென்னிங் மான்கெல் 1991இல் தொடங்கிய, காவல் அதிகாரி வாலாண்டரின் கதைவரிசையின் களம் ஈஸ்டாட் என்ற சிறு ஊர். முதல் கதையிலேயே, பண்ணைவீட்டு முதிய தம்பதியின் கொலை அந்நியர் மீதான வெறுப்பைக் கிளறிவிடுகிறது. கொன்றவர் யார் என்பதோடு நில்லாமல், எப்படிப்பட்ட ஊரில் அது நடந்தது என்றும் இந்தக் கதைகள் கேட்கின்றன.

அந்தக் கேள்வி ரங்கராஜுவிடம் அரைகுறையாகவாவது இருந்தது. மாத நாவலில் அருகிப்போனது. களத்துக்கா பஞ்சம்? அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், ரஞ்சன்குடிக் கோட்டையடியில் ஓடும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை, ஓயாமல் செல்லும் லாரிகள் என்று எழுதப்படாதவை ஏராளம். புதிதாகப் படிக்க வருபவர் 'சந்திரகாந்தா', 'நைலான் கயிறு', 'ரோசன்னா' என்ற வரிசையில் தொடங்கலாம்.