அஷ்கெனாசி: மட்டாஞ்சேரியில் ஒரு ‘ஜெர்மானிய’க் குடும்பப்பெயர்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் வழங்கிய குடும்பப்பெயர்களுள் இரண்டு, ஐரோப்பிய மொழிகளை ஓரளவு அறிந்த தமிழ் வாசகரை எளிதில் ஏமாற்றக்கூடியவை. ஒன்று கோடர், மற்றொன்று அஷ்கெனாசி. கோடர் என்பது செவிக்கு ஜெர்மன் பெயராகவே ஒலிக்கிறது. ஆனால் அக்குடும்பத்தின் வேர் ஈராக்கில் உள்ளது என்பர். அஷ்கெனாசி என்பதில் ஜெர்மன் மொழியின் சாயல் சிறிதும் இல்லை. எனினும் சொற்பொருளால் அதுவே ‘ஜெர்மானியர்’. ஒலியைக் கொண்டு பிறப்பிடத்தை ஊகிப்பவர் முதற்பெயரில் தவறுவர். பொருளைக் கொண்டு ஊகிப்பவர் இரண்டாவதில் தவறக்கூடும். இவ்விரண்டாம் தவறே நுட்பமானது. மொழிபெயர்ப்பாளர் மிகுதியும் ஆட்படுவதும் அதற்கே.

அஷ்கெனாஸ் என்பது விவிலியத்தின் ஆதியாகமத்தில் யாப்பேத்தின் பெயரன் ஒருவனது பெயராக வருகிறது. எரேமியா நூலில் அராராத்துடன் சேர்த்து எண்ணப்படும் ஒரு நாட்டின் பெயராகிறது. அசீரியக் கல்வெட்டுகளில் சித்தியரைக் குறிக்கும் சொல்லோடு அதனை இணைத்துக் காண்பது அறிஞர் வழக்கு. இவ்வாறு கருங்கடற்பகுதியைச் சார்ந்திருந்த சொல், இடைக்கால எபிரேயத்தில் ரைன் ஆற்றங்கரை நாட்டைக் குறிக்கலாயிற்று. 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி, ஜெர்மன் மொழியை அஷ்கெனாஸின் மொழி என்றே சுட்டுகிறார். அதனோடு ‘-ஈ’ என்னும் எபிரேய விகுதி சேர, ‘அந்நாட்டைச் சார்ந்தவர்’ என்னும் பொருள் பிறக்கிறது.

தொல்காப்பியம் பெயர்ச்சொற்களை வகைப்படுத்துமிடத்து நிலப்பெயர் என ஒன்றைக் கூறும். உரையாசிரியர்கள் அருவாளன், சோழியன் என எடுத்துக்காட்டுவர். வகைப்பாடு தெளிவானதே. ஆயின் நிலப்பெயரை யார், எங்கிருந்து வழங்குகின்றனர் என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. சோழநாட்டில் எல்லாரும் சோழியரே. ஆகவே அங்கு அப்பெயரால் ஒருவரை வேறுபடுத்திக் காட்ட இயலாது. அது பயன்படுவது பாண்டிநாட்டிலோ கொங்குநாட்டிலோதான். குடும்பப்பெயராகும் நிலப்பெயர்களுக்கு இது ஏறத்தாழப் பொதுவிதி எனலாம். ஹங்கேரியில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்றான நேமெத் என்பதற்கு ‘ஜெர்மானியர்’ என்பதே பொருள். இத்தாலியில் தெதெஸ்கி என்பதும் அத்தகையதே. ஜெர்மனிக்குள்ளேயே பவேரியரைக் குறிக்கும் பாயர், சுவாபியரைக் குறிக்கும் ஷ்வாப் முதலிய பெயர்கள், அவ்வந்நிலத்தை விட்டு நீங்கியவர்க்கு அயலார் இட்டவையாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

அஷ்கெனாசியும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஜெர்மானிய யூதர் தமக்குள் ஒருவரை ஜெர்மானியர் என்றழைக்கத் தேவையில்லை. ஸ்பானிய மரபினரும் அரபு நாட்டினருமான யூதர் மிக்க ஊர்களில்தான் அது அடையாளமாயிற்று. ஓட்டோமான் அரசின் தூதராக 1574இல் வெனிசு சென்ற மருத்துவர் சாலமன் அஷ்கெனாசி, இத்தாலியின் உதினேயில் பிறந்தவர். எருசலேமில் 1534இல் பிறந்து எகிப்தில் வளர்ந்த மறைஞானி ஐசக் லூரியாவும் அஷ்கெனாசி என்றே அழைக்கப்பட்டார். 1980இல் மறைந்த கிரேக்கப் பாடகி ரோசா எஸ்கெனாசியோ இஸ்தான்புல்லில் ஸ்பானிய மரபு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரில் ஜெர்மனி இருந்தது. குடும்ப மரபில் அது இல்லை. இன்று ‘ஜெர்மன் யூதப் பெயர்’ என நினைவுக்கு வரும் ரோசென்தால், கோல்ட்பெர்க் போன்றவற்றுள் பெரும்பாலானவை, 1787இல் ஆஸ்திரியப் பேரரசும் 1812இல் பிரஷ்யாவும் யூதர்க்கு நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியதையொட்டிப் பெருகியவை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. அஷ்கெனாசி அவற்றினும் மூத்தது. அது அரசாணையால் பிறந்ததன்று, அண்டை வீட்டாரின் வாயில் பிறந்தது.

மட்டாஞ்சேரிக்கு வருவோம். பரதேசி சினகாக் எனப்படும் தொழுகைக்கூடம் அங்கு 1568இல் அரண்மனையை அடுத்து எழுந்தது. கொச்சி வந்த ஆம்ஸ்டர்டாம் யூதர் மோசே பெரெய்ரா தெ பைவா, தாம் கண்டவற்றை 1687இல் போர்த்துக்கீசிய மொழியில் அச்சிட்டார். குடும்பங்களின் பூர்விகமாக அவர் குறித்தவற்றுள் கொடுங்கல்லூர், ஸ்பெயின், எருசலேம், சஃபேத், சிரியா ஆகியவற்றோடு ஜெர்மனியும் இடம்பெறுகிறது. இவ்வூர்களுக்கிடையே அந்நாளில் வணிகமும் சமயமும் மக்களைக் கொண்டுசென்றவண்ணம் இருந்தன. எனவே ஒரு குடும்பம் அஷ்கெனாசி என்னும் பெயரைக் கொச்சியில் பெற்றிருக்கலாம். வழியில் சிரியாவிலோ பாலஸ்தீனத்திலோ பெற்றுச் சுமந்து வந்துமிருக்கலாம். பின்னதாயின், அப்பெயர் ஜெர்மனியிலிருந்து வந்த வருகையைக் காட்டுவதைவிட, இடையில் தங்கிய ஊரையே உறுதியாகக் காட்டுகிறது. காஸ்தியேல் என்னும் பெயரும் (காஸ்தீல் நாட்டினர்) இவ்வாறே ஆராயத்தக்கது.

மொழிச்சான்று இதற்குத் துணைநிற்கிறது. ஜூ டவுனில் இத்திஷ் மொழி வழங்கியதில்லை, பேச்சுமொழி மலையாளம். பெண்கள் தலைமுறைதோறும் குறிப்பேடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்களை, ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005இல் ‘கார்குழலி’ என்னும் தொகுப்பாக எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளியிட்டனர். வழிபாட்டு முறையோ பெரும்பாலும் ஸ்பானிய யூத மரபைச் சார்ந்து, உள்ளூர் வழக்கும் கலந்தது. ஜெர்மானியர் என்னும் பெயருடையோரும் இம்மொழிக்கும் இம்முறைக்கும் உரியோராகவே வாழ்ந்தனர்.

இத்தெருவின் யூதர் அனைவரையும் குறித்த ‘பரதேசி’ என்னும் சொல்லும் இவ்வகையினதே. தமிழில் இன்று அச்சொல் பிச்சையெடுப்பவரையும் நாடோடியையும் குறித்து, வசையாகவும் நிற்கிறது. மலையாளத்தில் ‘வேற்றுநாட்டார்’ என்னும் பழம்பொருள் கெடவில்லை. கேரளத்தில் குடியேறிய தமிழ்ப் பார்ப்பனரும் அங்குப் பரதேசிப் பிராமணர் எனப்பட்டனர். ஆகத் தமிழரும் யூதரும் அங்கு ஒரே அடைமொழிக்கு உரியவராயினர்! ‘பரதேசி யூதர்’ என்பதைத் தமிழில் அப்படியே இடுவது இழிபொருள் தரும். ‘அயல்நாட்டு யூதர்’ என மாற்றுவதோ நானூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தோரை நேற்று வந்தோராக்கிவிடும். மூலச்சொல்லை இட்டு, முதல் வருகையில் மட்டும் மலையாளப் பொருளை விளக்குதலே தக்கது.

பெயர்ப்பொருளைப் பிறப்புச் சான்றாகக் கொள்வது வெறும் சொல்லாராய்ச்சிப் பிழையாக நின்றுவிடுவதில்லை. ஐரோப்பிய எழுத்தாளர் கொச்சி யூதரை வெள்ளை யூதர், கறுப்பு யூதர் எனப் பிரித்தெழுதினர். அப்பிரிவுக்கு ஸ்பானிய, ஜெர்மானியப் பெயர்கள் வசதியான சான்றுகளாயின. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர் சமய உரிமைகளில் குறைத்து நடத்தப்பட்டனர். இவர்களைப் பற்றிய வினா 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த டேவிட் இபின் ஸிம்ராவிடம் சென்றது. முறைப்படி சமயத்தில் சேர்க்கப்பட்டோர் முழு யூதரே என்பது அவர் தீர்ப்பு. அதன் பின்னும் வேறுபாடு நீங்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் அதனை எதிர்த்தார். அஷ்கெனாசியை ‘ஜெர்மானிய யூதர்’ என்று பெயர்த்தெழுதுபவர், அறியாமலே அப்பழைய பிரிவினைக்குப் புதிய சான்று படைக்கிறார்.

ஆதலின் குடும்பப்பெயராக வருமிடத்து அஷ்கெனாசி என ஒலிபெயர்த்தலே முறை. நடு, கிழக்கு ஐரோப்பிய யூத மரபினரைக் குறிக்கும் பொதுச்சொல்லாக அது வரும்போது ‘அஷ்கெனாசியர்’ எனப் பலர்பால் விகுதி கொடுத்தால் இரண்டும் மயங்கா. தமிழருக்கே உரிய வேறு மயக்கங்களும் இங்குண்டு. ஏ. பி. சேலத்தின் பெயருக்கும் சேலம் நகருக்கும் தொடர்பில்லை. கொச்சி யூதத் தலைவர்க்கு அரசர் வழங்கிய பட்டம் ‘முதலியார்’. காஸ்தியேல் குடும்பத்தினரும் அதனைத் தாங்கினர். அதனைச் சாதிப்பெயராகக் கொள்ளும் பதிப்பாசிரியர் அச்சுப்பிழை என்று கருதி நீக்கிவிடவும் கூடும். அயற்பெயரைத் தம் எழுத்துக்கு இசைவிக்கும் வழியை இம்மண் முன்னரே அறிந்திருந்தது. பாஸ்கர ரவிவர்மனின் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டுச் செப்பேடு, அஞ்சுவண்ண உரிமை பெற்ற ஜோசப் ரப்பானை வட்டெழுத்தில் ‘இசுப்பு இரப்பான்’ என்று எழுதுகிறது. ஒலி மாறியது, பெயர் பொருள்பெயர்க்கப்படவில்லை. அச்செப்பேட்டை 1840களில் ஆராய்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டவர் ஹெர்மன் குண்டர்ட்; அவர் உண்மையிலேயே ஜெர்மானியர்.