மன ஒப்பீட்டு முறை: வலிமையும் குறையும்

தனிமனித இலக்குகளை வகுக்கும்போது நம்பிக்கைக்கும் நடைமுறை உணர்வுக்கும் இடையே எங்கே நிற்பது என்ற கேள்விக்கு உளவியல் தந்துள்ள விடைகளுள், கேப்ரியேல் ஓட்டிங்கன் உருவாக்கிய மன ஒப்பீட்டு முறை தனிக் கவனத்துக்குரியது. விரும்பும் விளைவை முதலில் மனக்கண்ணில் நிறைவாகக் கண்டு, உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையை அதே தெளிவுடன் எண்ணிப் பார்ப்பதே இம்முறை.

எதிர்பார்ப்பையும் கற்பனையையும் பிரித்தறிந்ததே இதன் அடித்தளம். எதிர்பார்ப்பு என்பது கடந்தகால அனுபவத்தைக் கொண்டு வெற்றி வாய்ப்பை மதிப்பிடுவது. கற்பனை என்பது அத்தகைய மதிப்பீடு ஏதுமின்றி, வெற்றி கைகூடிவிட்டதாகவே கண்டு மகிழ்வது. தாமஸ் வாடனுடன் இணைந்து ஓட்டிங்கன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களுள் வெற்றியை எதிர்பார்த்தவர்களுக்கு எடை கூடுதலாகவும், இனிய கற்பனையில் திளைத்தவர்களுக்குக் குறைவாகவும் குறைந்தது. இத்தனை சிறிய ஆய்வு பெரிய முடிவைத் தாங்காது என்பது உண்மையே எனினும், வேலை தேடிய பட்டதாரிகளிடமும் இதே போக்கு பின்னர் காணப்பட்டது. வெற்றிக் கனவில் மிகுதியாக மூழ்கியவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தனர்.

கனவைத் தடையோடு சேர்த்து எண்ணும்போது, வெற்றி வாய்ப்பு மிகுந்த இலக்கில் முயற்சி கூடுகிறது, வாய்ப்பு அருகிய இலக்கைக் கைவிடும் தெளிவு பிறக்கிறது. எதையும் விடாதே என்று மட்டுமே ஊக்குவிக்கும் தன்முன்னேற்ற நூல்கள் வழங்காத விடுதலை இது.

ஆனால் முறை முழுவதும் எதிர்பார்ப்பின் துல்லியத்தையே சார்ந்திருக்கிறது; அதன் பெருங்குறையும் அங்கேதான் இருக்கிறது. ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கு மேல் தேவைப்பட்டன. எல்லாமே மோசமாக நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கும் உண்மையை எட்டவில்லை. தடைகளை வலிந்து எண்ணிப் பார்ப்பதால் மட்டும் மதிப்பீடு நேராகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதிப்பீடு மறுதிசையில் தவறுவதோ இன்னும் கவலைக்குரியது. குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத மாணவி மருத்துவப் படிப்பை எண்ணும்போது, அவளது எதிர்பார்ப்பு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவன்று, சுற்றிலும் முன்மாதிரி இல்லாமையே. அந்தத் தாழ்ந்த எதிர்பார்ப்பை உண்மை நிலையாகவே எடுத்துக்கொள்ளும் இம்முறை, விலகிவிடுவதே விவேகம் என்ற முடிவுக்கு அவளை இட்டுச் செல்லக்கூடும். மேலும், தடையைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே தேடும்படி இம்முறை கேட்பதால், கட்டணம், பயிற்சி, பயணத் தொலைவு போன்ற புறத்தடைகள் சோம்பலும் அச்சமும் பெறும் கவனத்தைப் பெறுவதில்லை. தமிழக அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வழங்கும் கல்விக் கட்டணச் சலுகை ஒருவரது வெற்றி வாய்ப்பையே மாற்றவல்லது. அதை அறியாமல் செய்யப்படும் எந்த மன ஒப்பீடும் பொய்க்கணக்காகவே முடியும்.

ஆகவே, தடையை எண்ணத் தொடங்குமுன், ஒத்த சூழலிலிருந்து அதே இலக்கை முயன்ற பிறருக்கு எவ்வளவு காலமும் எத்தகைய உதவியும் தேவைப்பட்டன என்று விசாரித்தறிவதை இம்முறையின் முதற்படியாகச் சேர்ப்பது இன்றியமையாதது. அத்தகையோர் அருகில் இல்லாத இடத்தில், தாழ்ந்த எதிர்பார்ப்பைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், சிறிய அளவில் முயன்று பார்த்து அதைச் சோதித்தறிவதே நேர்மையான நடைமுறை உணர்வாகும்.