பூனையின் காலடிச் சத்தம் எங்கே போனது?

மாயக்கதை படிக்கிறேன் என்றால், "என்ன, விட்டலாச்சார்யா படமா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பழைய மாயாஜாலப் படங்களின் இயக்குநர் விட்டலாச்சார்யா மீதான அந்த இளக்காரமே எனக்குப் பிடிக்காது. அது தனி வழக்கு. புத்தகத்தைக் கையில் எடுப்பவர்களாவது உருப்படியாகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நேரே நாயகன், அப்புறம் வில்லன், கடைசியில் போர். நடுவில் கொப்பரையில் கொதிக்கும் கஷாயம், மூலையில் முறைத்துக்கொண்டு நிற்கும் பெட்டி, குள்ளர்களின் உலைக்களம் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்புவது மாதிரி.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கதையில் ஒரு மாயப்பொருள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் செய்தது? எதைப் போட்டுச் செய்தது? அதனால் ஆகாதது என்ன? ஹாரி பாட்டரின் மந்திரக்கோல் ஹாலி மரம், 11 அங்குலம், உள்ளே ஒரு ஃபீனிக்ஸ் இறகு. வில்லன் வோல்டமார்ட்டின் கோலில் இருப்பதும் அதே பறவையின் இன்னொரு இறகு. அதனால் அந்த இரண்டு கோல்களும் ஒன்றையொன்று எதிர்த்து ஒழுங்காக வேலை செய்யாது. பாடம் முடிந்தது. நான் பேச வந்ததே வேறு.

மாயப்பொருளுக்குப் போடும் சரக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அரிய சரக்கு. இன்னொன்று, தீர்ந்த சரக்கு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் போதும், பாதிப் புத்தகங்களை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

அரிய சரக்கு என்றால், ஏழு மலை ஏழு கடல் தாண்டிக் கிடைப்பது. டிராகன் செதில், நிலாக் கல், ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ. எழுத்தாளருக்குச் சிரமமே இல்லை. தூரத்தையும் வருடத்தையும் கூட்டிக்கொண்டே போகலாம். நாயகன் போவான், பறிப்பான், வருவான். அவன் பறித்ததால் உலகத்தில் எதுவும் குறையாது. இது வெறும் நகைக்கடை விலைச்சீட்டு.

தீர்ந்த சரக்கு அப்படியில்லை. அதை எடுத்துப் பயன்படுத்திய பிறகு உலகத்தில் ஓர் ஓட்டை விழும். ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டாவைப் பாருங்கள். ஃபென்ரிர் என்ற ராட்சத ஓநாயைத் தேவர்கள் கட்டிப்போட வேண்டும். முதலில் ஒரு சங்கிலி, அறுத்துவிட்டது. அதைவிட இரண்டு மடங்கு பலமான இன்னொன்று, அதையும் அறுத்துவிட்டது. மூன்றாவதாகக் குள்ளர்களிடம் ஆள் அனுப்புகிறார்கள். அவர்கள் செய்து கொடுப்பது பட்டு நாடா போல வழவழப்பான, மெல்லிய ஒரு கயிறு. பெயர் க்ளெய்ப்னிர். போட்ட சரக்கு ஆறு: பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில்.

இங்கேதான் நிற்க வேண்டும். கதை சொல்பவர் கேட்பவனைப் பார்த்து, பெண்ணுக்குத் தாடி இல்லை, பூனை ஓடினால் சத்தம் இல்லை, மலைக்கு அடியில் வேர் இல்லை, நீயே பார்த்திருப்பாயே, நான் சொன்னதெல்லாம் அந்த அளவுக்கு உண்மை என்கிறார். என்ன குசும்பு பாருங்கள்! இல்லாததையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். குள்ளர்கள் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள், அதனால்தான் பூனை இன்றைக்கும் சத்தமில்லாமல் நடக்கிறது என்று நான் படித்துக்கொள்கிறேன். நம் வீட்டுத் திண்ணைப் பூனை வரைக்கும் அந்தக் கயிற்றின் கணக்கு நீள்கிறது.

கணக்கு அதோடும் முடியவில்லை. கயிறு மெல்லிசாக இருப்பதைப் பார்த்து ஓநாய்க்குச் சந்தேகம். யாராவது என் வாயில் கையை வைத்தால்தான் கட்டவிடுவேன் என்கிறது. டீர் என்ற தேவன் மட்டும் வலக்கையை வைக்கிறான். கயிறு பிடித்தது, கை போயிற்று. ஏழாவது சரக்கு அந்தக் கைதான் என்பது என் கட்சி.

உடனே விமர்சகர்கள் வருவார்கள். ஓநாய் இயற்கையின் குறியீடு, கயிறு சட்டத்தின் குறியீடு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் மீனின் மூச்சை எந்தப் பாத்திரத்தில் பிடித்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்காதவருக்குக் குறியீட்டைப் பற்றிப் பேச என்ன அருகதை? இன்னொரு கூட்டம், மாயத்துக்கும் விதிமுறை வேண்டும், அட்டவணை வேண்டும் என்று கேட்கிறது. இப்போது அதுதான் மோஸ்தர். மாயத்தை மின்வாரியக் கட்டண அட்டையாக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள். சினிமாக்காரர்களுக்கோ எந்தப் பொருளானாலும் நீல வெளிச்சம் விட்டாக வேண்டும்.

நவீன நாவல்களில் தீர்ந்த சரக்கு இல்லாமல் இல்லை. 2000இல் வந்த நான்காவது ஹாரி பாட்டர் நாவலில், வோல்டமார்ட் மறுபடி உடம்பெடுக்கும் கொப்பரையில் மூன்று பொருள் விழுகின்றன: அப்பாவின் எலும்பு, வேலைக்காரனின் சதை, எதிரியின் ரத்தம். எலும்பு கேட்காமல் எடுத்தது, சதை மனமுவந்து கொடுத்தது, ரத்தம் பறித்தது. எடுத்த விதமும் சேர்ந்துதான் சரக்கு. பறித்த அந்த ரத்தமே பின்னால் ஹாரியைக் காப்பாற்றுகிறது. விருத்திராசுரனைக் கொல்ல ததீசி முனிவர் தன் எலும்பையே தந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன?

டோல்கீனின் மித்ரில் உலோகத்தை அரிய சரக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அதைத் தேடித்தான் குள்ளர்கள் மோரியாவில் ஆழமாகத் தோண்டி, பல்ராக் என்ற பூதத்தை எழுப்பி, ஊரையே இழந்தார்கள். டோல்கீனின் நாயகன் ஃப்ரோடோ சட்டைக்கு அடியில் போட்டிருக்கும் அந்தக் கவசத்துக்குப் பின்னால் காலியாகிப்போன ஒரு நகரம் இருக்கிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானே என் விதியை மீறும் இடங்களும் உண்டு. டெர்ரி பிராட்செட்டின் 'தி கலர் ஆஃப் மேஜிக்' (1983) நாவலில் ஒரு பயணப் பெட்டி வருகிறது. அறிவுள்ள ஒரு பேரி மரத்தில் செய்தது. அசல் அரிய சரக்கு. குட்டிக் குட்டிக் கால்கள் நூற்றுக்கணக்கில். எஜமானன் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடும், எதிர்ப்பட்டவனை விழுங்கும், மறுபடி திறந்தால் உள்ளே துவைத்து மடித்த துணி இருக்கும். இதற்கு எந்த இலக்கணமும் வேண்டாம், குணம் போதும். அதேபோல் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) விளையாட்டில் பல்லியையும் அரக்கனின் கொம்பையும் ஒரே சட்டியில் போட்டால் மருந்து தயார். பல்லிக்கும் பஞ்சமில்லை, கொம்புக்கும் பஞ்சமில்லை. என் கணக்குப்படி மேலோட்டமான சமாச்சாரம்தான். ஆனாலும் சட்டியில் அதெல்லாம் துள்ளும்போது விளையாட்டின் நாயகன் லிங்க் வாய்க்குள் ஒரு பாட்டை முனகுவான். அதற்காகவே பசியில்லாத நேரத்திலும் சமைப்பேன்.

தடித்தடியாக ஏழெட்டுப் பாகம் வரும் நாவல்களில் தொடங்காதீர்கள். ஸ்னோரியின் எட்டாவில் 'கில்ஃபகின்னிங்' என்ற பகுதியில் ஃபென்ரிரைக் கட்டும் கதை சில பக்கம்தான், ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை முதலில் படியுங்கள். வாளையும் வீரனையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.