கதையை அப்புறம் கேளுங்கள்

கோடை விடுமுறை வந்தால் ஓவியம், கீபோர்டு, செஸ் வகுப்புகளோடு களிமண் அனிமேஷன் பயிலரங்குக்கும் இப்போது விளம்பரம் வருகிறது. ஒரு செல்போன், அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், நாலைந்து நிறத்தில் கிளே, ஒரு மேசை விளக்கு. இவ்வளவு போதும். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கிறது. தன் கையால் பிடித்த உருவம் திரையில் நடப்பதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையின் முகமலர்ச்சியை வேறெந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை. ஆகவே இந்தப் பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லித்தரும் வரிசையில்தான் குறை.

வழக்கமான வகுப்பு இப்படிப் போகும். முதல் மணி நேரத்திலேயே ‘என்ன கதை?’ என்று கேட்பார்கள். பிள்ளைகள் யோசிப்பதற்குள் மரம் வெட்டக் கூடாது, தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஒரு நீதி வந்து உட்கார்ந்துவிடும். பிறகு கட்டம் கட்டமாகக் கதையை வரைதல், பொம்மை செய்தல், பின்னணி அட்டைக்கு வண்ணம் அடித்தல். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குத்தான் கேமரா பக்கம் போவார்கள். நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு 720 படம் வேண்டும். படத்துக்கு அரை நிமிடம் என்றாலும் ஆறு மணி நேரம். கையில் மிச்சமிருப்பதோ இரண்டு மணி நேரம். கணக்கு உதைக்கிறது. உடனே நொடிக்கு 5 படம் என்று குறைப்பார்கள். பொம்மை தத்தித் தத்திப் போகும். அதற்கும் நேரம் போதாமல் பயிற்சியாளரே பொம்மையை நகர்த்தத் தொடங்குவார், பிள்ளை பட்டனை அழுத்தும். மாலையில் பெற்றோர் கைதட்டிப் பார்க்கும் படத்தில் பிள்ளையின் குரல் இருக்கும், பெயர் இருக்கும், அசைவு பெரியவருடையது.

இத்தனைக்கும் இந்தக் கிளே பிறந்ததே மாணவர்களுக்காகத்தான். இங்கிலாந்தின் பாத் நகரில் கலை ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட், மாணவர்கள் உருவம் செய்து பழகும் மண் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடுகிறதே என்று 1897-இல் காயாத ஒரு மண்ணை உருவாக்கினார். அதுதான் பிளாஸ்டிசின். குயவர் மண்ணில் அழகான கொலு பொம்மை செய்யலாம், ஆனால் படம் பிடிக்கப் பிடிக்க ஈரம் வற்றி வெடித்துவிடும். பிளாஸ்டிசினைக் கலைக்கலாம், மறுபடி பிசையலாம், நாளைக்கும் வளைக்கலாம். அப்படிப்பட்ட மண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரே நாளில் முடித்துக் கொடு என்று நிற்பது சரியா?

இந்தப் பயிற்சியால் பொறுமை வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வளரலாம். பொறுமைதான் வேண்டுமென்றால் பூத்தொடுக்கவும் சொல்லித்தரலாம். களிமண் அனிமேஷன் தருகிற தனிப் பயிற்சி வேறு: எடையைக் கண்ணால் பார்க்கப் பழகுவது.

ஒரே அளவில் இரண்டு கிளே உருண்டைகள் செய்யச் சொல்லுங்கள். ஒன்று இரும்புக் குண்டு, மற்றது பலூன். நிறமும் ஒன்றே. மேசைமேல் உருளும்போது எது எதுவென்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். மாணவர் முதலில் இரண்டையும் ஒரே இடைவெளியில் நகர்த்துவார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே சறுக்கும். பிறகு புரியும், இரும்புக் குண்டு கிளம்பவே யோசிக்கும் என்று. முதல் படத்தில் அரை மில்லிமீட்டர், அடுத்ததில் ஒன்று, அப்புறம் இரண்டு, நான்கு. நிற்கும்போதும் சட்டென்று நிற்காது, இடைவெளி குறைந்து குறைந்துதான் அடங்கும். பலூன் எடுத்த எடுப்பில் ஒரு விரல் அகலம் தாவும், உடனே வேகம் இழந்து தயங்கும். இது புரிந்த மாணவர் அதற்குப் பிறகு உலகத்தைப் பார்ப்பதே மாறுகிறது. தண்ணீர் வாளியைத் தூக்கும் பொம்மை செய்ய வேண்டுமென்றால் முதலில் எழுந்துபோய் வாளியைத் தூக்கிப் பார்க்கிறார். தோள் முதலில் இறங்குகிறது, உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, கை விறைக்கிறது. இவ்வளவும் நடந்து முடியும்வரை வாளி தரையிலேயே இருக்கிறது. அந்த அசையாத நாலைந்து படங்களில்தான் வாளியின் எடை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நிலைமம் என்று படித்ததை விரல் நுனியில் உணர்கிற இடம் இது.

மாணவர்களாக இருந்தபோதே களிமண்ணில் படம் எடுத்தவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஆர்ட் க்ளோக்கி 1950-களில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்லாவ்கோ வோர்காபிச்சிடம் பயின்றவர். அவருடைய ‘கம்பேஸியா’வில் கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை. களிமண் வடிவங்கள் ஜாஸ் இசைக்கு விரிகின்றன, சுருங்குகின்றன, உருமாறுகின்றன. கம்பி என்ற புகழ்பெற்ற பச்சைப் பொம்மை அதற்குப் பிறகு வந்தது. ஆஸ்திரேலியாவின் ஆடம் எலியட் 1996-இல் மெல்போர்னில் மாணவராக எடுத்த ‘அங்கிள்’ படத்தில் பொம்மைகள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கின்றன, கண் சிமிட்டுகின்றன; கதையை ஒரு குரல் சொல்கிறது. சிறிய அசைவை நம்பிய அதே பாணியில் அவர் எடுத்த ‘ஹார்வி கிரம்பெட்’ பிறகு ஆஸ்கர் பெற்றது. முதல் படத்திலேயே பொம்மை ஓட வேண்டும், குதிக்க வேண்டும், சண்டை போட வேண்டும் என்று கேட்கிறவர்கள் எலியட்டின் படங்களைப் பார்ப்பது நல்லது.

கதையோடு தொடங்கியவர் என்று நிக் பார்க்கைச் சொல்லலாம். ‘எ கிராண்ட் டே அவுட்’ படத்தை அவர் 1982-இல் பிரிட்டனின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் பட்டப்படிப்புக்காகத் தொடங்கினார். ஓடும் நேரம் 23 நிமிடம்; ஆனால் நடுவில் ஆர்ட்மன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் கைகொடுத்து, 1989-இல்தான் முடிந்தது. அந்தக் கதையும் எழுதியபடியே நிற்கவில்லை. குரோமிட் என்ற நாய் பேசுவதாகத்தான் முதலில் திட்டம். படம் பிடிக்கும்போது வாயை அசைப்பது பெரும்பாடாக இருந்தது. புருவத்தையும் காதையும் லேசாக நகர்த்தினாலே நாயின் மனசு தெரிகிறது என்று பார்க் கண்டுகொண்டார். வாயையே எடுத்துவிட்டார். உலகமே ரசிக்கும் அந்த ஊமை நாயை எழுதுமேசை தரவில்லை, படப்பிடிப்பு மேசை தந்தது. காலையில் வரைந்த கட்டங்களை மாலைக்குள் நிறைவேற்ற ஓடும் வகுப்பில் இப்படி ஒன்று நடக்க வழியே இல்லை.

வேறு குறைகளும் உண்டு. ஒரு மேசைக்கு ஐந்து பேர் உட்கார்ந்தால் இருவர் வேலை செய்வார்கள், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள்; இரண்டு பேருக்கு மேல் கூடாது. செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். அதைப் பூட்டி வைக்காவிட்டால் படம் முழுக்கச் சிமிட்டும். ஜன்னல் வெயிலும், குனிந்து நகர்த்தும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையும்கூட அதையே செய்யும். முந்தைய படத்தின் நிழலைத் திரையில் காட்டும் செயலி வசதி நல்லதுதான். ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர் பொம்மையைப் பார்க்க மறந்துவிடுகிறார். படச்சுருள் காலத்தில் கழுவி வரும்வரை எதுவும் தெரியாது. அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம், ஆனால் முதல் சில பயிற்சிகளுக்கு இந்த வசதியை அணைத்து வைக்கலாம்.

உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குச் சலிக்காதா, கதைதானே அதை இழுத்து வருகிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கதை இல்லாத அசைவு நீண்ட நாள் தாங்காது. பள்ளிக்கும் ஆண்டுவிழாவில் போட்டுக் காட்ட ஒரு படம் வேண்டும். ஆனால் இரும்புக் குண்டையும் பலூனையும் வேறுபடுத்தக் கற்ற பிள்ளையிடம் பிறகு கதை கேட்டுப் பாருங்கள். மரம் வெட்டாதே என்று சொல்லாது. பலூன் குண்டோடு மோதினால் என்ன ஆகும் என்று தொடங்கும். அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கதை.

வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் பயிலரங்கு என்றால் முழுப் படம் தருவதாக விளம்பரம் செய்யாதீர்கள். பத்து நொடி போதும் என்று முதலிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். மாணவர் தவறாக நகர்த்தினால் கை நீட்டித் திருத்தாமல் ஓட்டிக் காட்டுங்கள், அவரே கண்டுபிடிப்பார். பெற்றோர்களும் மாலையில் வந்து ‘படம் எங்கே’ என்று கேட்க வேண்டாம். ‘இதில் எதை நீ நகர்த்தினாய்?’ என்று கேளுங்கள்.