பேசும் கார்

அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி 1982 முதல் 1986 வரை 'நைட் ரைடர்' என்ற தொடரை ஒளிபரப்பிற்று. 'கிட்' என்கிற கறுப்புப் பான்டியாக் கார் அதில் பேசும், பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். 2008-ல் அதே நிறுவனம் அதற்கு மறுபிறவி கொடுத்தது. ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அது உருமாறவும் செய்தது. ஆனால் ஒரே பருவத்தோடு கதை முடிந்துவிட்டது.

காரணம் எளிது. அதற்குள் வீதியில் போகும் கார்களே வழி சொல்லிப் பேசத் தொடங்கிவிட்டன. பழகிப்போன அதிசயத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் பயனில்லை.

பழைய மைக்கேல் முகமும் பெயரும் மாற்றப்பட்டவன், உலகுக்கு இறந்துபோனவன். அவனைக் கேலி செய்யவும் கண்டிக்கவும் ஒரு குரல் கூடவே வந்தது. மனதில் நின்றது அந்தத் தோழமைதான். புதுப்பித்தவர்கள் காரைக் கவனித்த அளவுக்கு அதைக் கவனிக்கவில்லை என்பது என் கட்சி. கதை எழுதுகிறவர்களுக்கும் இது பாடந்தான்.